மெத்தைத் தளம்

படகின் தளம் மெத்தை மாதிரி இருக்கிறது என்று கொக்கி பெருமையடித்துக்கொண்டிருந்த காலமும் ஒன்று உண்டு. ஏறுகிறவர்களை முன்பக்கம் நாலு எட்டு நடக்கச் சொல்லி, "பாத்தீங்களா, மத்த படகுல இந்தச் சுகம் வருமா? முட்டியே வலிக்காது" என்பான். பைபர் படகு காலுக்குக் கீழே அமுங்கினால் அது சுகமல்ல, நோய் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. சொல்வானேன். ஒருவன் தன் பல் ஆடுவதைத் தாளம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன நஷ்டம்.

நோய் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தன்னைத் தானே சொல்லிக்கொண்டது. இரண்டாவது நடை முடிந்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். கயிற்றைக் கட்டுவதற்காகக் கொக்கி முன்பக்கம் ஒரு குதி குதித்தான். வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து இழுத்தும் படகு விடவில்லை. பதினெட்டு வருஷமாகத் தின்னக் கொடுத்தவனின் காலையே கவ்விக்கொண்டது. ஒருவழியாகப் பிடுங்கி எடுத்தபோது கணுக்கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் டாக்டர்.

அவனுக்குக் கொக்கி என்று பேர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். சும்மா இருக்கிற இடத்தைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும். குடை மாட்ட ஒரு கொக்கி, கூடை மாட்ட ஒரு கொக்கி, பால் டப்பா வைத்த பைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. தண்ணீர்க் குடம் உருளாமலிருக்கத் தளத்திலேயே நாலு மூலைக்கு நாலு. படகில் மொத்தம் ஐம்பதுக்குக் குறையாது. வீட்டுக் குளியலறையில் இரண்டு பேருக்குப் பதினொரு கொக்கி. அதில் ஒன்பதில் எதுவும் தொங்குவதில்லை என்று மாடிவீட்டு அக்கா சொல்கிறாள். அவள் ஏன் அந்தக் குளியலறைக்குள் போய் எண்ணினாள் என்று கேட்கக் கூடாது. குழாய் ரிப்பேர் என்று ஏதோ சொன்னாள்.

கொக்கியின் மனைவியை எல்லோரும் டெய்லரக்கா என்பார்கள். வாசல் அறையில் இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை, ஊசிகள் குத்திவைத்த ஒரு பஞ்சுப் பொம்மை. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி கவ்வியிருக்கும் என்பதால் அவள் அதிகம் பேச மாட்டாள். எடுத்துவிட்டால் பேசுவாள். அதனால் குண்டூசி வாயிலேயே இருக்கட்டும் என்று கொக்கி வேண்டிக்கொள்வான்.

விபத்து நடந்த நாலாம் நாள் கொக்கியின் அண்ணன் வந்தார். பெரியவர் என்றால் துறையில் அவர்தான். அவருக்கு இரண்டு படகு. துறையில் மொத்தம் ஏழு படகு, முறை வைத்து அக்கரைக்கு ஆள் ஏற்றுவார்கள். ஒரு படகு நாற்பது நாள் தன் முறையை எடுக்காவிட்டால் அந்த இடம் போய்விடும். துறையில் மூத்தவருக்குச் சேரும். இது எங்கேயும் எழுதிவைத்த சட்டம் இல்லை. எழுதாத சட்டம் என்பதால் யாராலும் அடித்துத் திருத்தவும் முடியவில்லை. மூத்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. போதாததற்கு, விபத்து நடந்த படகைத் துறை ஆபீசிலிருந்து பரிசோதகர் வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் மறுபடி தண்ணீரில் விடலாம்.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்க்காமல் தம்பி மனைவியைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏம்மா, என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"முடிவு என்ன மாமா. கால் சரியாகணும்."

"நான் காலைக் கேக்கல. படகைக் கேக்கறேன். அது செத்துப்போச்சு. என்ஜின் மட்டும் நல்லா இருக்கு. அதைக் கழட்டி நான் வாங்கப்போற புதுப் படகுல மாட்டிக்கறேன். மத்ததை அறுத்துப் போட்டுடலாம். இவன் நம்ம துறையில டிக்கெட் கிழிச்சுக்கிட்டு உக்காரட்டும். வெயில் கிடையாது, மழை கிடையாது. கால் போனவனுக்கு வேற என்ன வேணும்?"

"கால் போகலையே மாமா. கணுக்கால்தான் ஒடிஞ்சிருக்கு."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அந்தப் பேச்சு வேண்டாம். டீ குடிக்கறீங்களா?"

பெரியவர் டீ குடித்தார். இரண்டு பிஸ்கட்டும் தின்றார். போகும்போது படகின் சாவி எங்கே மாட்டியிருக்கிறது என்று சுவரில் ஒரு நோட்டம் விட்டுக்கொண்டே போனார். அந்தச் சுவரில் பதினாறு கொக்கி இருந்ததால் கண்டுபிடிக்க முடியவில்லை. கொக்கிகளால் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

அவர் தலை மறைந்ததும் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அண்ணன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

டெய்லரக்கா வாயிலிருந்து குண்டூசியை எடுத்தாள். "இருக்கட்டும். அது அவர் வீட்டுல இருக்கட்டும். இங்க எதுக்கு?"

"வேற என்ன பண்றது? தளம் பூராப் போயிருக்கும். நான் எழுந்திருக்க ஆறு வாரம். அதுக்குள்ள நாற்பது நாள் முடிஞ்சுடும்."

"நீங்க எழுந்திருக்க வேண்டாம். பட்டறைக்காரர் இருக்காரே."

கொக்கி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதில் ஒரு சங்கதி இருக்கிறது. அந்தப் படகைக் கட்டியதே துறைக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர்தான். தளம் அமுங்குவது தனக்கே உறுத்தத் தொடங்கிய நாளிலிருந்து கொக்கி இன்னொரு பாட்டும் பாடிக்கொண்டிருந்தான்: "உள்ள உளுத்த பலகையை வச்சு மூடிட்டான் பட்டறைக்காரன்." படகில் ஏறிய அத்தனை பேருக்கும் சொன்னான். ஒரு நாளைக்கு நூறு பேர் ஏறுவார்கள். பட்டறைக்காரர் காதுக்குப் போகாமல் இருக்குமா. இரண்டு வருஷமாக இருவரும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் துப்புவார்கள்.

மறுநாள் காலை டெய்லரக்கா பட்டறைக்குப் போனாள். அங்கே பைபரை ஒட்டுகிற ரெசின் வாடை, மூக்கைக் குத்தும். பட்டறைக்காரர் ஒரு படகின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புருவம், காது மயிர் எல்லாம் வெள்ளைத் தூள்.

"வா தங்கச்சி. உன் வீட்டுக்காரன் அனுப்பினானா?"

"அவருக்குத் தெரியாது அண்ணே. தளத்தைப் பிரிச்சுப் புதுசாப் போட்டுக் குடுக்கணும்."

"நான் அந்தப் படகுல காலை வைக்க மாட்டேன். உளுத்த பலகை போட்டவனாச்சே."

"அப்ப எப்படிப் பண்றதுன்னாவது சொல்லுங்க."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "தளம்னா ஒரே கட்டி இல்ல. மேல பைபர்ல ஒரு தோல், கீழ ஒரு தோல், நடுவுல பலகை. மூணும் ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் பலம். நடுப்பலகை ஊறிப்போச்சுன்னா ரெண்டு தோலும் தனித்தனியா ஆடும். மேல எவ்வளவு பூசினாலும் நிக்காது."

"சட்டைக் காலர் மாதிரி."

"என்னது?"

"மேல துணி, கீழ துணி, நடுவுல கேன்வாஸ். கேன்வாஸ் போச்சுன்னா காலர் தொங்கிடும். எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் தொங்கும். மேல்துணியைப் பிரிச்சு, கேன்வாஸை மாத்தி, திரும்பத் தைக்கணும்."

பட்டறைக்காரர் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "அதேதான்" என்றார்.

"அப்ப நான் பிரிக்கறேன். நாள் பூரா அதானே என் வேலை."

"ஏம்மா, இது ஜாக்கெட் இல்ல."

"இல்லதான். ஜாக்கெட்டுன்னா திரும்பி வந்து 'கை புடிக்குது'ன்னு சண்டை போடுவாங்க. படகு பேசாது."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் மீசை அசைந்தது. ரெசின் தருவதாகச் சொன்னார், கண்ணாடி நார் விரிப்பான பைபர் பாய் தருவதாகச் சொன்னார், வெட்டுகிற மிஷினும் தருவதாகச் சொன்னார். படகைக் கரையேற்றி அவருடைய வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தால், இந்தப் பக்கம் நின்று வாயால் மட்டும் சொல்வேன் என்றார். கால் வைக்க மாட்டேன் என்றதில் மட்டும் மாற்றமில்லை.

எட்டாம் நாள் படகு கரையேறியது. டெய்லரக்கா கத்தரிக்கோலின் கைப்பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனாள். நல்ல இடம் டக்கென்றது. கெட்ட இடம் தொப்பென்றது. தொப்பென்ற இடத்தையெல்லாம் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் வளைத்தாள். வேடிக்கை பார்க்கத் தெரு திரண்டுவிட்டது. மாடிவீட்டு அக்கா கையில் முறத்தோடு வந்திருந்தாள், ஏதோ புடைக்க வந்தவள் மாதிரி.

"என்னக்கா, படகுக்குப் பாவாடை அளவெடுக்கறியா?" என்று ஒருவன் கேட்டான்.

"உனக்குத் தைச்சுக் குடுத்த பேன்ட்டுக்கு இடுப்பளவு எழுதிவச்சிருக்கேன். சத்தமாப் படிக்கவா?"

அவன் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய்விட்டான்.

மேல்தோலை அறுப்பதுதான் கஷ்டமான வேலை. மிஷினின் தகடு பலகை வரைக்கும்தான் போக வேண்டும், கீழ்த்தோலைத் தொடக் கூடாது. அவள் தகட்டில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு ஆழத்தைக் கட்டினாள். பைபர் தூள் கண்ணாடித் தூள்தான், பட்ட இடமெல்லாம் அரிக்கும். கொக்கியின் மழைக்கோட்டு, கையில் அவனுடைய காலுறை, தலையில் துணி, மூக்கில் முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. சூரியன் உச்சிக்கு வந்தபோது கோட்டுக்குள் அவள் அவிந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் தேனெடுக்க வந்து வழி தப்பியவள் மாதிரி இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளிர்ந்த தண்ணீரில் குளித்தாள். சுடுதண்ணீர் ஊற்றினால் தூள் தோலுக்குள் இறங்கிவிடும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். அப்படியும் இரவெல்லாம் சொறிந்தாள்.

அறுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் கடப்பாறையை விட்டு நெம்பியதும் மேல்தோல் பர்ரென்று கிழிந்து வந்தது. அடியிலிருந்து வந்த வாடையில் மாடிவீட்டு அக்கா முறத்தால் மூக்கை மூடிக்கொண்டாள். பலகை இருக்க வேண்டிய இடத்தில் வடிகட்டிய டீத்தூள் மாதிரி கறுப்பாக ஏதோ கிடந்தது. கையால் அள்ளலாம். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. உளியால் சுரண்டிச் சுரண்டிப் பதினான்கு வாளி கொட்டினாள்.

பத்தாவது வாளியில் அவள் கை நின்றது.

அழுகல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. திட்டுத் திட்டாக, வட்ட வட்டமாக இருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் நட்ட நடுவில் ஒரு திருகாணி துருவேறி நின்றது. குடக் கொக்கி நான்கிலும் பெரிய வட்டம். கூடைக் கொக்கியில் அதைவிடப் பெரியது. நாலைந்து வட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்த இடம்தான் அவன் கால் போன இடம். ஆணியே படாத ஓரங்களில் பலகை நேற்று இழைத்தது மாதிரி மஞ்சளாக இருந்தது. நகத்தை வைத்து அழுத்தினாள். நகம்தான் வளைந்தது.

டெய்லரக்கா வாளியைத் தள்ளி வைத்தாள். அப்புறம் மஞ்சள் பலகையில் ஒரு துண்டும், திருகாணியோடு கறுப்பில் ஒரு துண்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கொக்கி அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தான். அவள் தட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் துண்டை வைத்தாள்.

"இது என்ன?"

"பலகை."

"யார் போட்டது?"

அவன் முட்டையைக் கீழே வைத்தான். "அவன் போட்டதுதான்."

"பதினெட்டு வருஷம். முகர்ந்து பாருங்க, இன்னும் மர வாசனை வருது." கறுப்புத் துண்டையும் வைத்தாள். "இது யார் போட்ட ஆணி?"

அவன் முட்டையை மறுபடி கையில் எடுத்தான்.

"ஓட்டை போட்டீங்களே, எதையாவது வச்சு அடைச்சீங்களா?"

"அதான் ஸ்க்ரூ இருக்கே. ஸ்க்ரூ தானே ஓட்டையை அடைச்சுக்குது."

"என் ஊசி குத்தின ஓட்டையிலகூட நூல் இருக்கு. அதுக்காக மழைல குடைத்துணி தையல் வழியா ஒழுகாம இருக்கா? ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு ஓட்டைலயும் சொட்டு சொட்டா எறங்கியிருக்கு. ஐம்பது வாய் வச்சு அந்தப் பலகைக்குத் தண்ணி ஊட்டியிருக்கீங்க."

"சத்தமாப் பேசாத. மாடியில கேக்கும்."

மாடியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"கேக்கட்டும்."

"இங்க பாரு, இதை யார்கிட்டயும் சொல்லாத. எல்லாத்தையும் வாரிக் கொட்டியாச்சுல்ல? அப்படியே விட்டுடு. அண்ணன் காதுக்குப் போச்சுன்னா ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"நூறு பேர் முன்னாடி அந்த மனுஷன் பேரைக் கெடுத்தீங்க. அவர் பலகை நல்லா இருக்கறது மட்டும் யாருக்கும் தெரியக் கூடாதா?"

"என் மானம் போகும்."

"ஒரு மானம்தானே. அவர் மானம் ரெண்டு வருஷமா போயிட்டே இருக்கு." அவள் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டாள். "அண்ணன் சிரிப்பாருன்னா சிரிக்கட்டும். அவர்கிட்ட டிக்கெட் கிழிச்சா மட்டும் சிரிக்க மாட்டாரா? தெனமும் காலைல ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம் சிரிப்பாரு. இது ஒரு தரத்தோட போயிடும்."

மறுநாள் விடிந்ததும் பட்டறை வேலியின் இரண்டு கம்பங்களில், பட்டறைக்காரர் கண்ணுக்கு நேராக, மஞ்சள் துண்டு ஒன்றிலும் கறுப்புத் துண்டு ஒன்றிலும் கட்டியிருந்தது. துறைக்குப் போகிற வழி அது. போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பட்டறைக்காரர் மஞ்சள் துண்டை அவிழ்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கறுப்பை அப்படியே விட்டுவிட்டார். எல்லோரும் பார்க்கட்டும் என்று.

அன்று டெய்லரக்கா வருவதற்கு முன்பே அவர் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்.

"கால் வைக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான்" என்றார். "கழுத்தை நீட்டலாம்ல."

அன்றிலிருந்து அவர் கழுத்து முழுநேரமும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

அப்புறம் காத்திருப்பு. கீழ்த்தோல் சுக்காகக் காய வேண்டும், ஈரத்தின் மேல் ரெசின் ஒட்டாது. பகலில் திறந்து வைத்தாள், சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூடினாள். காய்ந்துகொண்டு வந்த நேரத்தில்தான் மழை வரும் என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். பதினேழாம் நாள் காற்றோடு மழை வந்து தார்ப்பாயைத் தூக்கியது. அவள் ஒரு முனையில் தொங்கினாள். மறுமுனை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று அடங்கியது. திரும்பிப் பார்த்தால் கொக்கி, இரண்டு ஊன்றுகோலையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் பை கட்டிய காலோடு, தார்ப்பாயின் முனையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் அந்த வழியாகக் குடையோடு வந்தார்.

"பாத்தும்மா. நனைஞ்சா மறுபடியும் ஊறிடும்."

"நனையாமப் பாத்துக்கறோம் மாமா. குடையை நேராப் பிடிங்க, உங்க தோள் நனையுது."

"இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"நீங்களே எண்ணிக்கிட்டுத்தான் இருப்பீங்க."

அவர் வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு போனார். கொக்கி வாயைத் திறந்து பதில் சொல்லியிருப்பான், ஆனால் வாயில் தார்ப்பாய்.

மறுநாளிலிருந்து கொக்கியும் வந்தான். யாரும் கூப்பிடவில்லை, அவனும் எதுவும் சொல்லவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, படகில் மிச்சமிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கழற்றிய ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, உள்ளே ரெசினை ஊற்றி அடைத்தான். வேலியிலிருந்து கழுத்து சொன்னது: "இனிமே அந்த எடத்துல ஆணி போடணும்னா இந்த ரெசின் நடுவுலதான் போடணும். பலகை பக்கம் தண்ணி எட்டிக்கூடப் பாக்காது." கொக்கி கேட்டுக்கொண்டான். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. கயிறு கட்டவும் கைபிடிக்கவும் வேண்டியது எட்டு. மற்றதெல்லாம் ஒரு டப்பாவில் சேர்ந்தன. தொப்பிக் கொக்கியைக் கழற்றும்போது அவன் கை கொஞ்சம் தயங்கியதை டெய்லரக்கா பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். புருஷனுக்கு அவ்வளவு சலுகை கொடுக்கலாம்.

பலகை வெட்டுவதற்கு அவள் பழைய செய்தித்தாள்களை ஒட்டி மாதிரி எடுத்தாள். இடது பக்கத்துக்கு ஒன்பது துண்டு, வலது பக்கத்துக்கு ஒன்பது துண்டு. வெட்டி முடித்து வரிசையாக அடுக்கியபோது அவள் முகம் வெளுத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?" என்றான் கொக்கி.

"பதினெட்டும் இடது பக்கத்துக்கு வெட்டிட்டேன்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "வேலை கத்துக்கிட்ட புதுசுல இப்படித்தான் ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் இடது கையா வெட்டினேன். இத்தனை வருஷத்துக்கு அப்பறம் அதே தப்பு. பலகை பூராப் போச்சே."

கொக்கி பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவனுக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியவில்லை. ஊன்றுகோல் நுனியால் ஒரு துண்டைத் தள்ளி மல்லாக்கப் போட்டான்.

"இப்ப பாரு."

வலது பக்கத் துண்டு.

"துணிக்குத்தான் நல்ல பக்கம், கெட்ட பக்கம். பலகைக்கு ரெண்டும் நல்ல பக்கம்தான்."

அவள் அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் கழுத்து சிரித்தது. கொக்கியும் சிரித்தான். சிரித்த பிறகுதான் யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்பது இருவருக்கும் உறைத்தது. இருவரும் உடனே ஆளுக்கொரு பக்கம் துப்பினார்கள். ஆனால் பழைய மாதிரி வேகம் இல்லை.

ரெசினில் ஊற்றுகிற கெட்டிப்படுத்தும் தண்ணீரை அளந்துதான் ஊற்ற வேண்டும். முதல் வாளியில் அவள் கண்ணளவில் ஊற்றினாள். நாலு நிமிஷத்தில் வாளி புகைந்து, சுட்டு, வெடித்த கல்லாகிவிட்டது. அப்புறம் இருமல் மருந்து மூடியால் அளந்தாள். பலகைகளின் நாலு விளிம்புக்கும் ரெசின் குடிக்கக் கொடுத்து, கீழ்த்தோலில் பசை மாதிரி தடவி, துண்டுகளைப் பதித்து, மேலே கல்லும் மணல் சாக்கும் ஏற்றினாள். காய்ந்ததும் பழைய மேல்தோலின் ஓரத்தை ஒரு சாண் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தாள். பைபர் பாயை ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட இரண்டு விரல் பெரிதாக வெட்டிப் போட்டாள்.

"இதை யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று வேலியிலிருந்து கேட்டார். "நான் சொல்லவே இல்லையே."

"தையலுக்குத் துணி விடாம யாராவது வெட்டுவாங்களா அண்ணே?"

ரோலரால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினாள். முதுகு ஒடிந்தது. நாலு அடுக்கு. கடைசியில் சாம்பல் நிறப் பூச்சு, கால் வழுக்காமலிருக்க அதன்மேல் சலித்த மணல் தூவல். முப்பத்தாறாம் நாள் எல்லாம் முடிந்தது. இதற்கிடையில் வாசல் அறையில் தைக்காத துணி மலையாகக் குவிந்துவிட்டது. ஒரு கல்யாணப் பெண் தன் ரவிக்கைக்காகப் படகடிக்கே வந்து அழுதுவிட்டுப் போனாள்.

பரிசோதகர் முப்பத்தெட்டாம் நாள் காலை வந்தார். படகைத் தண்ணீரில் இறக்கிப் படித்துறையில் கட்டியிருந்தார்கள். அவர் ஒரு சின்ன மரச்சுத்தியால் தளம் முழுக்கத் தட்டினார். மூன்று இடத்தில் மண்டியிட்டுக் காதை வைத்தார். பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்துறையில் நின்றார். அவருக்குப் பின்னால் தெரு நின்றது.

"யார் வேலை செஞ்சது?" பரிசோதகர் படிவத்தை எடுத்தார்.

பெரியவர் முந்திக்கொண்டார். "பட்டறைக்காரர்னு எழுதிக்குங்க சார். பொம்பளை பேரெல்லாம் போட்டா மேல கேள்வி வரும். அவ சும்மா கூடமாட நின்னா."

பட்டறைக்காரர் வேலியோரத்திலிருந்து, "என் கை அதுல படவே இல்ல சார். பட்டதுன்னு எழுதினா பொய்" என்றார். "பாத்தேன்னு வேணா எழுதிக்குங்க. ஒரு நாள் விடாமப் பாத்தேன்."

"நான்தான் செஞ்சேன்" என்றாள் டெய்லரக்கா.

"என்ன தொழில்?"

"தையல்."

பரிசோதகரின் பேனா நின்றது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது. பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"அதான் சார் சொன்னேன். ஊசி நூலை வச்சுப் படகு கட்டினா சனங்க உசுருக்கு யார் பொறுப்பு?"

"அந்தப் பேரையே எழுதுங்க சார்" என்றாள் அவள். "நாளைக்கு யாருக்காவது கால் உள்ள போனா யாரைக் கேக்கணும்னு தெரியணும்ல. கேக்க வர்றவங்க என் வீட்டுக்கு வரட்டும். வாசல்ல போர்டு இருக்கு."

பரிசோதகர் அவளைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு எழுதினார். "எழுத்து இருக்கட்டும். பாரம் ஏத்திப் பாக்கணும். இந்தப் படகுக்குப் பதினாறு ஆள் கணக்கு. மணல் மூட்டை வச்சிருக்கீங்களா?"

மணல் மூட்டையை முந்தின நாள்தான் பட்டறையில் திருப்பிக் கொடுத்திருந்தாள். படித்துறையைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது பேர் இருந்தார்கள். ஒரு மாதமாக டீ டம்ளரும் கையுமாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த அதே முப்பது பேர்.

"மூட்டை எதுக்கு சார். இத்தனை பேர் சும்மாத்தான நிக்கறாங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஏறுங்க. பாக்கத்தானே வந்தீங்க, நின்னு பாருங்க."

யாரும் அசையவில்லை. பேன்ட் இடுப்பளவுக்காரன் தன் செருப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தான்.

டெய்லரக்கா ஏறி, கணவன் கால் போன இடத்திலேயே நடுவில் நின்றாள். கொக்கி ஊன்றுகோலை முதலில் எறிந்துவிட்டு, பின்னாலேயே தொத்தி ஏறி, என்ஜின் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்தான். மூன்றாவதாக மாடிவீட்டு அக்கா முறத்தோடு ஏறினாள். "இதுல நடந்ததை நான்தானே எல்லாருக்கும் சொல்லணும்" என்றாள். அவள் ஏறியதும் வெட்கப்பட்டு இரண்டு பேர், அப்புறம் நாலு பேர். இடுப்பளவுக்காரனும் ஏறினான். பரிசோதகர் எண்ணினார்.

"பதினஞ்சு. இன்னும் ஒரு ஆள். கொஞ்சம் கனமா இருந்தா நல்லது." அவர் பட்டறைக்காரரைப் பார்த்தார்.

"நான் அந்தப் படகுல கால் வைக்கறதில்ல சார்."

துறை முழுக்கப் பெரியவரைப் பார்த்தது. அந்தத் துறையில் அவரைவிடக் கனமான ஆள் வேறு இல்லை, எல்லா விதத்திலும்.

"எனக்கு வேலை இருக்கு" என்றார் பெரியவர்.

"ஏன் மாமா," என்றாள் டெய்லரக்கா, "பயமா?"

அத்தனை பேர் முன்னால் பயம் என்று எப்படிச் சொல்வது. பெரியவர் செருப்பைக் கழற்றினார். ஒரு காலை வைத்துப் பார்த்தார். அப்புறம் மறுகாலையும் வைத்தார். அவர் நடுவுக்கு வரும்படி அவள் ஒதுங்கி இடம் விட்டாள். படகு ஒரு விரற்கடை தாழ்ந்தது. தளம் அசையவில்லை. பரிசோதகர் குதிக்கச் சொன்னார். பதினாறு பேரும் குதித்தார்கள். பெரியவர் குதிகாலை மட்டும் உயர்த்தி இறக்கினார், ஆனால் அவர் உடம்புக்கு அதுவே போதும். பரிசோதகர் படித்துறையிலிருந்தே குனிந்து தளத்தின் அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார், எழுந்தார், படிவத்தைப் படிக்கட்டில் வைத்து முத்திரை குத்தினார். தாளை நீட்டினார். டெய்லரக்கா வாங்கி மடித்துக்கொண்டாள்.

முறை பார்க்கிறவர் படித்துறையிலிருந்து, "நாற்பது நாளுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு தாயி. நாளைக்கு முறை எடுத்துக்குங்க" என்றார்.

"இப்ப யார் முறை?"

"பெரியவரோட படகுதான். ஓட்டறவன் இன்னும் வரல."

"அவங்க முறையை நாளைக்கு எடுத்துக்கட்டும். எங்களுக்கு ஆள் ஏறியாச்சு" என்று சொல்லிக்கொண்டே அவள் கயிற்றை அவிழ்த்தாள். கொக்கி அவளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டியதும் என்ஜின் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தான். படகு படியை விட்டு விலகியது.

"ஏய், நிறுத்து" என்றார் பெரியவர். "எனக்கு அக்கரையில ஒரு வேலையும் கிடையாது. என் செருப்பு அங்க கிடக்கு."

"எங்கயும் போகாது மாமா. திரும்பி வர்றப்ப போட்டுக்கலாம்."

மற்றவர்கள் ஓரப் பலகைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். மாடிவீட்டு அக்கா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காற்று வாங்கினாள். பெரியவர் மட்டும் நடுத்தளத்தில், பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல், வெறுங்காலோடு நின்றார். கரை பின்னால் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

"உனக்கு ரொம்பத் திமிரும்மா" என்றார்.

"ஆமா மாமா" என்றாள் டெய்லரக்கா. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அக்கரையில எங்களுக்கு ஆள் காத்துக்கிட்டிருக்கு, மறைக்குது."